பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

வேதாகமத்தில் நீதிமொழிகள் என்ற புத்தகத்தில் முப்பத்தொரு அதிகாரங்கள். தேதிக்கு ஒன்றாக வாசிப்பது எங்கள் சபையில் பல வீடுகளில் உள்ள வழக்கம். காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் அன்று என்ன தேதியோ அந்த அதிகாரம். முப்பது நாள் மாதங்களில் கடைசி அதிகாரம் வராது. அதில்தான் நல்ல மனைவி எப்படி இருப்பாள் என்று நீளமாகச் சொல்லியிருக்கிறது. அந்த மாதங்களில் என் வீட்டுக்காரர், "இந்த மாசம் நீ தப்பிச்சுட்ட புள்ள" என்பார்.

வாசிக்கும்போது என் கையில் பென்சில் இருக்கும். ஒரு வசனத்தைப் படித்ததும் யார் முகம் நினைவுக்கு வருகிறதோ, அவர் பெயரின் முதல் எழுத்தை ஓரத்தில் குறித்துவிடுவேன். சோம்பேறியைப் பற்றி வந்தால் என் தம்பி. முன்கோபியைப் பற்றி வந்தால் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். சண்டைக்காரியைப் பற்றி வந்தால் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒருத்தி. இதையெல்லாம் ஞானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் என் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பங்கு வெச்சிருக்கற, உனக்குன்னு ஒரு எழுத்தக் காணமே?" என்று கேட்டார். கம்முனு இருங்க என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன்.

நாமக்கல்லுக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். அங்கே சமையல் செய்கிறவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளைச் சபைக்கு அழைத்து வந்ததே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவளுடைய கணவர் கேரளாவுக்கு முட்டை லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். ஒரு காலத்தில் குடித்து வீணாய்ப் போனவர், சபைக்கு வந்தபின் விட்டுவிட்டார். சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் செய்தார். சபையே அழுதது. நானும் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நாங்கள் இருவரும் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"அக்கா, போன ட்ரிப்பு முடிச்சு ஊட்டுக்கு வந்தவரு தண்ணி போட்டுட்டு வந்தாருங்க்கா. அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். வண்டியில ஏறுனா தொடறதில்ல. எறங்குனதுக்கப்புறம்தான். எனக்கு ஒரே வெசனமா இருக்குது. உங்க மனசோட வெச்சு ஜெபம் பண்ணுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா."

"நான் யாருகிட்ட சாமி சொல்லப்போறேன்?" என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டம். ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு மகளின் வரன், ஒருவருக்கு வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்கிறார். என் முறை வந்தபோது எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று விட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கலாமா? நாக்கு அரித்தது, அவ்வளவுதான்.

"ஒரு சகோதரிக்காக ஜெபிச்சுக்கோங்க. பேரு வேண்டாம். ஊட்டுக்காரரு வண்டி ஓட்டறவரு. விட்ட பழக்கம் மறுபடியும் தொத்திக்கிச்சு" என்றேன்.

பெயர் வேண்டாம் என்று சொன்னதைப் பெரிய பக்குவமாக நினைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் லாரி டிரைவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு வயதாகி வண்டியை விட்டாயிற்று. இன்னொருவர் வெற்றிலை பாக்குகூடத் தொடாதவர். அடிப் பாவி, பெயரைச் சொல்லாமல் விட்டேனே தவிர விலாசத்தையே கொடுத்துவிட்டேன். அவள் அன்று வரவில்லை. பெண்கள் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்து கொடுத்த சுண்டலை நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கேட்ட பெண்களில் ஒருத்தி அக்கறையோடு தன் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு, அந்த டிரைவர் ஓட்டும் லாரியின் ஓனரிடம்தான் பட்டறையில் வேலை. அவரும் அக்கறையோடுதான் ஓனர் காதில் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை ஓனர் சாவியை வாங்கிக்கொண்டார். "லோடு நெறைய முட்டை, வழி நெறையச் சனம். நான் எப்படீங்க நம்பிக் குடுக்கறது?" என்றாராம். அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். அரிசி களைந்தாள், பருப்பு வேகவைத்தாள். நான் ஏதோ கேட்டதற்கு, "சரிங்க மேடம்" என்றாள். இத்தனை வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. தெரிந்தும், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "குடிக்கற ஆளு வண்டி ஓட்டாம நின்னது நல்லதுதானே? நாளைக்கு எங்காவது மோதியிருந்தா?" என்று வீட்டில் வந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதுக்காகவா நீ அங்க சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் தேதிப்படி வந்த அதிகாரத்தில், பிறர் இரகசியத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களைப் பற்றிய வசனம் இருந்தது. வருடம் பூராவும் மாதம் தவறாமல் வாசித்த வசனம். ஓரத்தில் என் கையெழுத்தில் ஓர் எழுத்து. எங்கள் தெருவில் வாயாடி என்று பேர் எடுத்த ஒரு பெண்ணுடையது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். வேதாகமத் தாள் வெங்காயத் தோல் மாதிரி, கிழிந்துவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேயே எழுந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அழுதுகொண்டே அதைச் சொல்லும் என்னை நானே மனதில் பார்த்தும் விட்டேன். "அங்கயும் அவ ஊட்டுக் கதைதான ஓடும்? அவிங்க ஊட்டுக்குப் போ. தனியாப் போ" என்றார் என் வீட்டுக்காரர். நீதிமொழிகளை இத்தனை வருடம் வாசித்தவள் நான். அதன்படி அன்று பேசியது வாசிக்காத மனிதர்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். டிரைவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவி போனதிலிருந்து கோழிப்பண்ணையில் தீவன மூட்டை இறக்கப் போய்க்கொண்டிருந்தார். தோளெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அந்த மரியாதை அறைந்தது போல இருந்தது. நான் உட்காரவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றாள். நான் சொன்னதை, சொன்ன வார்த்தைகளிலேயே, ஒன்று விடாமல் சொன்னேன். பெருமைக்காகத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் தோளில் இருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"வேல போனதுக்கு உங்களச் சொல்லலீங்க. அது என்னால போனது" என்றார். "நான் மறுபடியும் குடிச்சுட்டேன்னு வர்ற ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சு நானே சொல்லிப்போடலாம்னு இருந்தேனுங்க. அப்படிச் சொன்னாத்தான் என்னால மறுக்கா விட முடியும். பாலக்காட்டுல இருந்து வர்ற வழியெல்லாம் என்ன பேசறதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தேன். இப்ப எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கற எடத்துல நான் எந்திரிச்சு எதைங்க சொல்றது?"

ஐயோ. வேலையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த மனிதர் தன் வாயால் சொல்லி எழுந்திருப்பதற்காக வைத்திருந்த ஒரே வார்த்தையை நான் முன்னாலேயே செலவழித்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியே இல்லை. நின்ற இடத்திலேயே அழுதேன்.

தெருமுனைவரை அவள்தான் வந்தாள். "அக்கா" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "எங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணாதீங்க்கா." கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

அதன்பின் அவர் சபைக்கு வரவில்லை. அவள் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஜெபக்கூட்டத்தில் பெண்கள் என்னிடம், "அவரு இப்ப எப்படி இருக்காருங்க? விட்டுட்டாரா?" என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். உண்மையிலேயே தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாய் சும்மா இருப்பது இத்தனை கஷ்டமா என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஒன்றரை வருடத்தில்தான். பென்சிலை எடுப்பதில்லை. முகங்கள் இன்னமும் நினைவுக்கு வரத்தான் செய்கின்றன. இல்லை என்று சொன்னால் பொய்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. தனியாகப் போக வேண்டாம் என்று அவளே சேலத்துக்கு என்னோடு வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அவள். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சைக் கடித்தபடி இருந்தேன். மல்லூர் தாண்டியிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"டாக்டரு ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க்கா. அதனால இப்பச் சொல்றேன்."

தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். ராசிபுரம் வரைக்கும் சொன்னாள். நான் தலையை ஆட்டக்கூட இல்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பழசை எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் பெயரும் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம் என்றாள். பஸ்ஸில் சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் விட்டாரா, சபைக்கு வருவாரா என்று இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.