சீட் கவர் அக்கா கடலுக்குப் போகிறார்

டப்பாவைக் காதருகே கொண்டுபோய் மூன்று முறை குலுக்குகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். நான்காவது முறை, மெதுவாக, படுக்கவைத்து ஓர் ஆட்டு. பிறகு பெயிண்ட் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, தகரத்தின் மேல் 'பட்டாணி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுத் தரையில் வைக்கிறார். வைக்கிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அடிக்கிறார். இதுவரை எழுபத்தெட்டு ஆயிற்று. இன்னும் நூற்று அறுபத்திரண்டு இருக்கின்றன.

"மீனு மொத்துனு விழும். பட்டாணி சளசளங்கும். இந்தத் தக்காளி இருக்கு பாருங்க, கல்லுளிமங்கன், வாயே திறக்காது" என்கிறார் என்னிடம். கேட்டால் சிரிப்பு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் வராது.

தெருவில் இவருக்குச் சீட் கவர் அக்கா என்று பெயர். மூலைக்கடையில் இருபத்தாறு வருடம் கார்களுக்கும் பஸ்களுக்கும் இருக்கை உறை தைத்தவர். வயது ஐம்பத்து நான்கு. குள்ளம், ஆனால் தோள் இரண்டும் அகலம்; ரெக்ஸினைப் புரட்டிப் புரட்டி வந்த தோள். ஒருமுறை மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி முறிந்துவிட்டது. குறட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு, வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்று மிச்சத் தையலை முடித்தார். டேப்பை நம்பமாட்டார். எதையும் சாணால்தான் அளப்பார். "டேப்பு இழுத்தா நீளும். என் கை நீளாது" என்பார். பேசும்போது வாயில் நாலு குண்டூசியாவது இருக்கும். கோபமாகப் பேசும்போது அவற்றை எடுத்து முந்தானையில்—இல்லை, இப்போதெல்லாம் சட்டைக் காலரில்—குத்திக்கொள்வார். கடந்த ஒரு மாதமாகக் குண்டூசிகள் காலரிலேயே இருக்கின்றன.

இவரும் இவர் கணவரும் ஒரு பாய்மரப் படகில் மூன்று வருடம் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்புகிறார்கள். அவர்கள் போனபின் இந்த வீட்டில் குடியிருக்க வேண்டியவன் நான். ஒன்றாம் தேதி சாமான்களோடு வந்து இறங்கினேன். இன்றைக்கு ஒன்பது. வீடு காலியாகவில்லை. பாய்ச் சுருள்களுக்கும் டப்பாக் குவியலுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் இடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். குடியிருக்க வந்தவன் குடோன் காவலாளியாகிவிட்டேன். எனவே நான் எழுதுவதில் கொஞ்சம் காரம் இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரையிலிருந்து கிளம்புகிறவர்கள் காற்று திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இந்த மாதம் இருபதைத் தாண்டினால் எதிர்க்காற்று. அப்புறம் அடுத்த வருடம் இதே மாதம்தான். கடையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, வீட்டை எனக்குக் கொடுத்தாகிவிட்டது. கிளம்பாவிட்டால் அக்காவுக்கு உட்காரக்கூட இடம் கிடையாது.

டப்பா விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். படகின் அடிவயிற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். டப்பாக்களைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதம் அதில் ஊறி உரிந்து கூழாகி, தண்ணீர் இறைக்கும் பம்பை அடைத்துவிடும். பம்பு அடைத்தால் படகு போச்சு. அதனால் தூரம் போகிறவர்கள் முதலில் தகரத்தின் மேல் பெயிண்டால் பெயர் எழுதுவார்கள். எழுதிய பிறகு காகிதத்தைக் கிழிப்பார்கள். அக்கா பாய் தைக்க உட்கார்ந்த ஒரு மத்தியானம், இந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்தார். மாலையில் எழுந்து வந்து பார்த்தால் இருநூற்று நாற்பது டப்பாவும் அம்மணமாக நின்றன. ஒன்றில்கூட எழுத்தில்லை. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு.

"மறந்துட்டேன்" என்றார் கணவர்.

முந்தாநாள் 'மீன்?' என்று எழுதிய டப்பாவைத் திறந்தோம். அன்னாசித் துண்டுகள். ஏற்கெனவே மிளகாய்த் தூளை வறுத்து வைத்திருந்த அக்கா, அதே வாணலியில் அதைக் கொட்டிக் கிளறி மூன்று தட்டில் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. தக்காளி டப்பாவைப் போலச் சாப்பிட்டு எழுந்தோம்.

"வேற வாங்கிக்கலாமே அக்கா?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

"வாங்கி? மறுபடியும் எழுதி, மறுபடியும் கிழிச்சு, எடை பார்த்து அடுக்கறதுக்குள்ள காத்து நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இதையெல்லாம் தூக்கி உங்க கட்டிலுக்கு அடியில வெக்கவா?"

அதற்குப் பிறகு நான் யோசனை சொல்வதில்லை. வேறு ஆட்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா தினமும் வாசலில் வந்து நின்று, "ஆத்திர அவசரத்துக்கு அங்க என்ன பண்ணுவீங்க?" என்கிறார். "கடல்ல இடமா இல்ல?" என்கிறார் அக்கா. ஊரிலிருந்து வந்த அக்காவின் தம்பி, "ஆழம் தெரியாம காலை விடாதே" என்றார். "ஆழம் தெரியும். நாலாயிரம் மீட்டர். படம் இருக்கு, காட்டவா?" என்றார். தம்பி காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

கடல் ஆசை அக்காவுடையதில்லை. இதுதான் கோபத்தின் வேர். ஆசைப்பட்டவர் கணவர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றவருக்கு, நாலு பக்கமும் சுவரே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நியாயமான ஆசை. பத்து வருடம் அக்கா முடியாது என்றார். நீச்சல் தெரியாது என்றார், பயமாயிருக்கிறது என்றார். அவர் விடவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும், அக்கா கரைந்தார். கரைந்தவர் அரைகுறையாகக் கரையவில்லை. ஐம்பது வயதில் நீச்சல் கற்றார். வாராவாரம் படகுப் பள்ளிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார், கணவருக்கு முன்னால். மூன்று பாய்களையும் தன் கையால் தைத்தார். கடையைக் கொடுத்த அன்று, பெரிய மெஷினின் மேல் துணியைப் போர்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாராம்.

இப்போது கணவர் தினமும் ஒரு காரணத்தோடு எழுந்திருக்கிறார். முதலில் இன்ஜின் பெல்ட், பிறகு திசைகாட்டியின் விளக்கு, பிறகு அவருடைய பல். எல்லாம் சரியானபின் டப்பா. "முப்பது நாள் கரையே கிடையாது. என்ன சாப்பாடு இருக்குன்னே தெரியாம எப்படிக் கிளம்பறது? அவசரப்படாதே. டப்பா வேலை முடியட்டும்" என்பார், ரொம்பச் சாந்தமாக. அந்தச் சாந்தத்தைக் கேட்டால் அக்காவின் கை இன்னும் வேகமாகக் குலுக்கும்.

இதுவரை எழுதி இரண்டு நாள் கழித்து, பதினோராம் தேதி காலை, என் கட்டிலுக்கு மேலிருந்த மின்விசிறி நின்றுவிட்டது. கணவர் ஏணியைப் போட்டு, மேல்சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒன்பது ஒயர்கள். எதையும் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துப் பொடிப்பொடித் துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, நூலால் ஒவ்வொரு ஒயரிலும் கட்டினார். ஒன்பதும் கட்டிய பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தார்.

"ஒன்பது ஒயருக்கு இவ்வளவா சார்?" என்றேன்.

"ஒண்ணா இருந்தாலும் சரி தம்பி. நம்பர் கட்டாம ஒரு ஒயரைக் கழட்டினதே கிடையாது. முப்பத்தோரு வருஷம். தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் என் கை அதைத்தான் முதல்ல செய்யும்" என்றார் பெருமையாக.

தரையில் குலுக்கல் சத்தம் நின்றது.

"அப்ப டப்பா?" என்றார் அக்கா.

ஏணியில் இருந்தவர் இறங்கவுமில்லை, திரும்பவுமில்லை. "அது... அவசரத்துல..."

"அவசரமா? ஒரு மாசமா அவசரப்படாதே, அவசரப்படாதேன்னு என் உயிரை எடுத்த மனுஷனுக்கு அன்னைக்கு மட்டும் அவசரமா? ஒன்பது ஒயருக்கு நம்பர் கட்டத் தெரியுது. இருநூத்தி நாப்பது டப்பாவுக்கு மறந்துடுச்சா? நான் பத்து நாளா பைத்தியக்காரி மாதிரி காதுல வெச்சுக் குலுக்கறேன். பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களே!"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கிள்ளிவிட்டு, "அழுகை நிற்கட்டும், அப்புறம் போகலாம்" என்று சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவர் இறங்கி வந்து சுவரோரம் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"கையை எடுங்க. கப்பல் கவுந்தவன்தான் அப்படி உட்காருவான். நம்மது இன்னும் கிளம்பவே இல்ல."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார். போன மாதம் ஒத்திகைக்குப் போனபோது இரண்டு மணி நேரம் கரை கண்ணிலிருந்து மறைந்ததாம். "நீ பாட்டுக்குப் பாயைத் தைச்சுக்கிட்டிருந்த. நான் கம்பியைப் புடிச்ச கையை விடவே இல்ல. லிஃப்ட் குழியில கையை நீட்டினா சுவர் இருக்கும். அங்க ஒண்ணுமே இல்ல. எனக்கு மூச்சே வரல. பயமா இருக்கு."

நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்கா காலரிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பியில் போட்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா கட்டிப் புடிச்சு அழுதிருப்பேன். எனக்கு மட்டும் பயமில்லையா? பத்து வருஷம் சொன்னேன், வாயைத் திறந்து சொன்னேன். பழகிடும் பழகிடும்னு சிரிச்சீங்க. நானும் பழகிக்கிட்டேன், கடையை விட்டேன், வீட்டை விட்டேன். கூப்பிட்டது நீங்க. நான் வாசப்படி தாண்டி வந்ததுக்கப்புறம் நீங்க உள்ளேயிருந்து கதவைச் சாத்தறீங்க. பயமா இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லத் துப்பில்லாம என் சோத்துல கை வெச்சீங்க."

 சற்று முன் ஏணியை விடப் பார்த்த எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், டப்பாவோடு விடாமல் பம்பையும் கழற்றி ஒளித்திருப்பேன்.

அக்கா எழுந்தார். எழுதியது, எழுதாதது என்று பார்க்காமல் எல்லா டப்பாவையும் பிளாஸ்டிக் கூடைகளில் வாரிப் போட்டார். "எது வருதோ அதைத் தின்னலாம். மீன் வந்தா மீன், பழம் வந்தா பழம். பதினேழாம் தேதி காலையில எட்டு மணிக்குக் கயிறை அவுப்பேன். வர்றவங்க வரலாம்."

"தனியாவா?" என்றார் கணவர்.

"சான்றிதழ்ல என் பேர்தான் இருக்கு. கூட யார் வரணும்னு அதுல போடல."

அதற்குப் பிறகு ஆறு நாள் அவரோடு பேசவில்லை. தன் பையை மட்டும் கட்டினார். கணவரின் பையை வெறுமையாக வாய் திறந்து அவர் கட்டிலில் போட்டார். அது அங்கேயே கிடந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு நாள் ஒரு சட்டையைப் போட்டார்; மறுநாள் பார்த்தால் அது கொடியில் தொங்கியது. அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டிருந்தால் தேவலை என்று எனக்கிருந்தது. பேசாத கோபத்தோடு ஒரே வீட்டில் இருப்பது, கொதிக்கும் குக்கருக்குப் பக்கத்தில் படுப்பது போலத்தான்.

பதினேழாம் தேதி காலை பையும் இல்லை, அவரும் இல்லை. அக்கா கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். அதுவரை இல்லாத ஒரு வயது அந்த முகத்தில் வந்து போனது. பிறகு தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பின்கட்டுக் கதவு மழைக்கு உப்பும். இழுத்துச் சாத்துங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கூடவே போனேன்.

கணவர் படகுத்துறையில் நின்றிருந்தார். பை காலடியில் இருந்தது. விடியற்காலையிலேயே வந்திருக்க வேண்டும். சட்டை பனியில் நனைந்திருந்தது. படகில் ஏறவில்லை. அக்கா அவரைத் தாண்டிப் போய் ஏறினார். இன்ஜினைக் கிளப்பினார். முன்கயிற்றை அவரே அவிழ்த்துச் சுருட்டினார். பின்கயிறு கரையிலிருந்த இரும்புக் கட்டையில், கணவரின் காலடியில் கட்டியிருந்தது. கரையிலிருந்துதான் அவிழ்க்க முடியும். அவிழ்க்கச் சொல்லி அக்கா கேட்கவில்லை. சுக்கான் பிடியில் கை வைத்து, துறைமுக வாயைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மணி எட்டு.

கணவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிறு கையிலிருந்தது, படகு நகர்ந்தது. ஒரு சாண், ஒரு முழம். பையை உள்ளே வீசினார். இடைவெளி இன்னும் அகன்றது. குதித்தார். ஒரு கால் படகில் விழுந்தது. மற்றது முழங்கால் வரை தண்ணீரில் போனது. கம்பியைப் பிடித்து எப்படியோ ஏறினார். அக்கா கை கொடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஈரக்காலோட உள்ளே போகாதீங்க" என்றார். ஆறு நாளில் முதல் பேச்சு. கரை வரைக்கும் கேட்டது.

படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. சுக்கானின் இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள். ஒன்றில் உட்கார்ந்தால் எதிரே கடல், மற்றதில் உட்கார்ந்தால் எதிரே கரை. அக்கா கரையைப் பார்த்த பலகையில் இருந்தார். கணவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சொட்டச் சொட்ட நின்றார். அக்கா முகத்தைத் திருப்பாமல், சுக்கானைப் பிடித்த கையை விடாமல், எழுந்து, கரை தெரியும் பலகையை அவருக்கு விட்டு, எதிர்ப்பலகைக்கு மாறி உட்கார்ந்தார்.