என் மகளுக்கு வந்த வக்கீல்

அன்று அந்த வெற்றிலையை நான் ஏன் எடுத்தேன்? இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் படித்த என் மகளை வாத்தியார் பிரம்பால் அடித்து முதுகைப் புண்ணாக்கியிருந்தார். ஊர்க்கூட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் மலையில் அதை எடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது. நாலெழுத்து படித்த நானே எடுத்தேன். ஆனால் மருந்து போட்ட நர்ஸ் கல்வி அதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டார்.

ஜமுனாமரத்தூரில் விசாரணை நடந்த அன்று பனி ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிட்டது. மேசை, நாற்காலி, அதிகாரி எல்லாமே மிதப்பதுபோல் இருந்தது. என் குரலே யாருடையதோ போல் கேட்டது.

"நாங்க சமாதானமா போய்ட்டோங்க. கேஸ் இன்னாத்துக்குங்க?"

இலவச சட்ட உதவியில் வந்திருந்த வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "வெத்தலைய எடுத்தது நீங்க. அடிபட்டது இவதானேம்மா? நான் இவளுக்குத்தான் வக்கீல்." பிறகு மகளருகே குனிந்தார். "உனக்கு இன்னா வேணும் கண்ணு?"

அவள் பனியைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் பள்ளிக்கூடம் வர்றேன். சார் வரக் கூடாது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா கேக்கவே இல்ல."

வாத்தியாரை நீக்கிவிட்டார்கள். அவள் பள்ளிக்குப் போய் வருகிறாள். தினமும் பின்னல் போடும்போது மன்னிப்புக் கேட்க நினைக்கிறேன், ரிப்பனைக் கட்டி அனுப்பிவிடுகிறேன். எட்டு வயதுக் குழந்தையிடம் அம்மா எப்படி மன்னிப்புக் கேட்பது? அப்படிக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.