கொயினாவை விட்ட மாமி

மாமி வயல் வரம்பில் குந்திய அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. களை பிடுங்கிக்கொண்டு நின்றவர், இரண்டு கையாலும் வரம்பைப் பிடித்தபடி கண்ணை மூடி இருந்துவிட்டார். நான் கல்யாணம் செய்து முரசுமோட்டைக்கு வந்த நாளிலிருந்து என் மனைவியின் தாயாரான அவர் வயலில் ஓய்ந்து உட்கார்ந்து நான் கண்டதில்லை. மாமாவும் அவரும் சேர்ந்து காடு வெட்டித் திருத்திய காணி அது. குடியேறிய புதிதிலேயே மாமாவை மலேரியா கொண்டுபோய்விட்டது. பிறகு தனியாக நின்று விதைத்து அறுத்தவர் மாமி.

அன்றிலிருந்து எழும்பும்போதே களைப்பு, நிமிர்ந்தால் தலைச்சுற்று. அயலில் சிலர் கண்ணூறு என்றார்கள். சிலர் வயது போய்விட்டது என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய தமையன், "காணியை ஆருக்கும் குடுத்துப்போட்டு ஊருக்கு வா. சாகிறதெண்டாலும் அங்கை வந்து சா" என்றார்.

"செத்தாப் பிறகு யோசிப்பம், அண்ணை. இப்ப சாப்பிடுங்கோ."

பகிடியாகச் சொன்னாலும், அறுப்புக்கு முன் உடம்பு தேறாவிட்டால் காணியை விடுவதாகத் தமையனிடம் ஒத்துக்கொண்டார். சொன்ன சொல் மாறாதவர் மாமி என்பதால் எங்களுக்குப் பயம் பிடித்தது.

மாட்டு வண்டியில் அவரையும் மனைவியையும் மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது குறைவு. "பிள்ளை, அவரைச் சாப்பிட வரச்சொல்லு" என்று என் காது கேட்க மகளிடம்தான் சொல்லுவார். நானும் இயல்பிலேயே வாய் திறக்காதவன்.

அங்கே வருத்தம் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா மாமியின் கண் மடலை இழுத்துப் பார்த்தார். "இரத்தம் குறைவு, அம்மா. வயித்துப் பூச்சி குடிக்குது. களைப்பு அதாலைதான். காது இரையுதோ?"

"ஓம் ஐயா. வண்டு பூந்த மாதிரி."

"மருந்து ஏதும் குடிக்கிறியளோ?"

"இல்லை ஐயா."

மாமி பொய் சொல்லவில்லை. காய்ச்சல் காலத்தில் வன்னிக்கு வந்தவர்களுக்கு மலேரியாக் குளிசையான கொயினா ஒரு மருந்தே அல்ல. கறிக்கு உப்புப் போல அது. மருந்தடித்து நுளம்பு குறைந்து, ஊரில் காய்ச்சல் இல்லாமல் போன பிறகும், உடம்பு அலுத்தால் ஒரு குளிசை. தலை சுற்றினால் இன்னொன்று. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாய் தானாகத் திறந்தது.

"மாமி ஒவ்வொரு நாளும் கொயினா போடுறவா, ஐயா."

ஐயா பேனையை வைத்தார். "அதுதான் காது இரையுது. தலைச்சுற்றும் அதுதான். இண்டையோட விடுங்கோ. பூச்சி மருந்தும் இரும்பு மருந்தும் தாறன். காலமை காட்டுப்பக்கம் போகேக்கை செருப்புப் போடுங்கோ. பூச்சி காலாலைதான் உடம்புக்கை ஏறுறது."

"செருப்போட வயலுக்கை இறங்கலாமோ, ஐயா?"

"நான் வயலைச் சொல்லேல்லை, அம்மா."

மாமி வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் வண்டியடிக்கு நடந்துவிட்டேன்.

புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஒருவர் கொயினாவை விடுவது சின்ன விஷயமல்ல. அது இல்லாமல் அவர் கண்ணை மூடித் தூங்கியதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கொயினாப் போத்தலை மகளிடம் கொடுத்தார். "நான் கேட்டாலும் தராதை." இரண்டு நாள் கழித்து மழைக்குளிரில் உடம்பு நடுங்கியபோது கேட்டார்.

"நீங்கள்தானே தரவேண்டாம் எண்டனீங்கள்?"

"அது அண்டைக்கு. இண்டைக்குத் தா."

மகள் கொடுக்கவில்லை. மாமி திட்டிக்கொண்டே போர்த்துப் படுத்தார். விடிந்தபோது காய்ச்சல் இல்லை. அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. முதலில் காது இரைச்சல் நின்றது, பிறகு தலைச்சுற்று. பலம் மட்டும் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அறுப்புக்குத் தமையன் வந்தபோது மாமி களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டு நின்றார். "அப்ப காணி?" என்று அவர் கேட்டார்.

"அங்காலை நில்லுங்கோ, அண்ணை. தூசி படும்."

இப்போது என் மனைவிக்கும் வயது போகிறது. போன மாதம் களைப்பு என்று இருந்தாள். என்னென்ன குடித்தாய் என்று கேட்டேன். "அப்போதிக்கரி வந்திட்டார்" என்று சிரித்தாள். அயலாள் கொடுத்த குளிசைகளை எடுத்து என் கையில் கொட்டினாள். "கொயினாவையே விட்ட மனிசியின்ரை மகள் நான். இதை விடமாட்டனோ?"