கட்டிய மனைவிக்கே மாப்பிள்ளை

சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆள் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கும்போது, கூட வேலை செய்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, ஆவி பறக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கும் பெரியவர் தன் தங்கை மகளை அவர் தலையில் கட்டிவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சிரித்து மழுப்புவார். ஊரில் பெண்டாட்டியும் எட்டு வயது மகளும் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் வேறு என்ன செய்வார்?

எல்லாம் அவரை இந்த நாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் உபயம். சண்டைக்குத் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவருக்கு அந்தப் புண்ணியவான் போனிலேயே பாடம் எடுத்தான். குடும்பம் உண்டு என்றால் அவர்களை விட்டுவிட்டு ஏன் ஓடிவந்தாய் என்று மடக்குவார்கள், ஒண்டிக்கட்டை என்று சொல், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றான். பயந்துபோயிருந்த மனுஷன் அகதி விசாரணையில் அப்படியே ஒப்பித்தார். உயிருக்கு ஆபத்து என்று சொன்னது அத்தனையும் சத்தியம். இந்த ஒன்றுதான் பொய். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, தங்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது பொய்க்கும் சேர்த்தே முத்திரை விழுந்தது.

குடும்பத்தை அழைக்க வழி கேட்டு வக்கீலம்மாவிடம் போனார். அன்று பொய் சொன்னேன் என்று இப்போது போய் நின்றால் மற்றதும் பொய்தானே என்பார்கள், இருக்கிற அனுமதியும் பறிபோகலாம் என்று அந்த அம்மா கையை விரித்துவிட்டார்.

அறையில் கூடத் தங்கியிருந்த சமையல்காரர்தான் குறுக்குவழி சொன்னார். கட்டிய பெண்டாட்டியையே மறுபடி கட்டிக்கொள் என்றார். சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிய ஓட்டத்துக்கு நடுவே நடந்த கல்யாணம், ஓட்டத்தில் பிறந்த பிள்ளை. இரண்டுமே எங்கும் பதியப்படவில்லை. புதுப்பெண்ணாக அவளை வரவழைக்கலாம். பிள்ளை மட்டும் அவருடையதாக இருக்கக்கூடாது.

இதை அவர் மனைவியிடம் போனில் சொன்னார்.

"என் பொண்ணுக்கு அப்பன் வேற ஒருத்தன்னு என் வாயால சொல்லணுமா?" என்று கேட்டாள்.

சில நாட்கள் அவள் போனையே எடுக்கவில்லை. பிறகு எடுத்தவள், சரி, ஆனால் மகளிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றாள். அவரே சொன்னார். இனி என்னை மாமா என்று கூப்பிட வேண்டும், அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். குழந்தை அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. எதுவரைக்கும் என்று மட்டும் கேட்டாள். இங்கே வந்து சேரும்வரை என்றார். நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். முதலில் போனில் இரண்டொரு தடவை அப்பா என்று வாய் தவறியது, அம்மா அதட்டினாள். பிறகு தவறவே இல்லை.

விசா விசாரணையில் குழந்தையைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அப்பா எங்கே என்ற கேள்விக்கு அவள் செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காத பதில். வெளியே வந்ததும் தாய் அவளைப் பிடித்து, ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று உலுக்கினாள்.

"தெரியாதுன்னா தேடிக் கண்டுபிடிங்கன்னு சொல்லுவாங்கம்மா. செத்துட்டாருன்னா அதோட விட்டுடுவாங்க."

விசா கிடைத்துவிட்டது. மனைவி இதையெல்லாம் சொன்னபோது, புத்திசாலிப் பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று விரிப்பு அடிக்கடி கை நழுவியது. மாப்பிள்ளை அழுதார். ஆவிக்கு முன்னால் நிற்பவன் முகம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வந்து இறங்கிய மகளை விமான நிலையத்தில் அள்ளித் தூக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. பிரயாணம் நன்றாக இருந்ததா என்று விசாரித்து, பெட்டியை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே பதிவு அலுவலகத்தில் கல்யாணம். தங்கை மகளைத் தட்டிக்கழித்த கோபத்தை மறந்து பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பெற்றவர்களின் கல்யாணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? பதிவாளர் குனிந்து, உனக்குப் புது அப்பா கிடைத்துவிட்டார் என்று அவள் கன்னத்தைத் தட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை மட்டும் அழகாகச் சிரித்து நன்றி சொன்னாள்.

பெரியவருக்கு விருந்து போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அவர் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். இத்தனை வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். மகளுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"இங்க யாரும் இல்லம்மா. இனிமே அப்பான்னு கூப்பிடு."

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பெரிய மனுஷி மாதிரி அவர் தோளில் கை வைத்தாள்.

"வேணாம் மாமா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "வீட்ல கூப்பிட்டுப் பழகிட்டா, ஸ்கூல்ல வாய் தவறி வந்துடும்."