மதி ஊத மறுத்த மெழுகுவர்த்தி

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தோம். நான், என் மனைவி கோமு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மதி.

மதிக்கு ரொம்ப நாளாக இருமல். படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "ஆஸ்துமாவா இருக்கலாம். ஊதுற டெஸ்ட் ஒண்ணு பார்த்துட்டு இன்ஹேலர் ஆரம்பிக்கலாமான்னு முடிவு பண்ணுவோம்" என்றார்.

இருக்கலாமா? அது என்ன 'இருக்கலாம்'? இத்தனூண்டு பிள்ளைக்கு இன்ஹேலரா? பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாது என்று எங்கள் தெருவே சொல்கிறதே... எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அது வர நேரம் காலம் கிடையாது. பால்காரர் சிரித்தால்கூட முதலில் பாலைத்தான் பார்ப்பேன்.

டெஸ்ட் அறையில் வள்ளியூர்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். மதியின் மூக்கில் கிளிப், வாயில் குழாய். கம்ப்யூட்டரில் ஒரு கேக், அதன்மேல் வரிசையாக மெழுகுவர்த்திகள். பிள்ளை ஊத ஊத ஒவ்வொன்றாக அணைய வேண்டுமாம். அதை வைத்து நுரையீரலின் கதை தெரிந்துவிடுமாம். நம்பச் சொல்கிறார்கள்!

"ஊது மக்கா... ஊது, ஊது, விடாத!"

மதி ஊதினாள். முதல் மெழுகுவர்த்தி அணைந்ததும் டக்கென்று நிறுத்திவிட்டாள். மறுபடியும் அதேதான்.

"பிள்ளை ஊதவே மாட்டேங்கு அண்ணாச்சி. இப்பிடி ஊதுனா ரிசல்ட்ட நம்ப முடியாது."

பார்த்தீர்களா? அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்! கோமு மீதும் ஒரு சின்னச் சந்தேகம் — இன்ஹேலர் வேண்டும் என்பது அவள் கட்சி. சரியாக ஊதாதே என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பாளோ?

"ஏட்டி, ஏன் நிறுத்துத?" என்றேன்.

மதி என் காதில் சொன்னாள்: "வெளக்க ஊதி அணைக்கப்பிடாதுல்லாப்பா?"

எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊத மாட்டோம். பூவால் குளிரவைப்பதுதான் வழக்கம். பிறந்தநாளுக்குக் கேக் உண்டு, மெழுகுவர்த்தி கிடையாது. அந்தச் சட்டத்தைப் பிள்ளை கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறது!

எனக்கு ஒரே குஷி. "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. படத்த மாத்திட்டுப் பாருங்க!"

பலூன் வந்தது. மதி முகம் சிவக்க, மூச்சு தீர ஊதினாள். பலூன் பாதி உயரத்தில் நின்றது. திரும்பத் திரும்ப அதே பாதி. பிறகு இன்ஹேலரில் மருந்தை இழுக்க வைத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, ஊதச் சொன்னார்கள். பலூன் விறுவிறுவென்று ஏறி உச்சியைத் தொட்டது.

நான் மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயர்தான் இருந்தது.

டாக்டர் ரிசல்ட் தாளில் இரண்டு கோடுகளைக் காட்டினார். "மருந்துக்கு முன்னாடி இது, பின்னாடி இது. வித்தியாசம் தெரியுதுல்லா? ஆஸ்துமாதான். இன்ஹேலர் ஆரம்பிச்சிருவோம்."

படத்தை மாற்றச் சொன்னதே நான்தான். இனி யார்மேல் பழி போடுவது? கோமு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"பழகிராதா டாக்டர்?" என்றேன், விடாமல்.

"நல்லா மூச்சு விடப் பழகும்" என்றார்.

மாடிப்படியில் மதி எனக்கு முன்னால் ஓடினாள். கீழே போய் நின்று, நெஞ்சில் கை வைத்து, ஆச்சரியமாகக் கேட்டாள்: "அப்பா... நீங்கள்லாம் எப்பவுமே இப்பிடித்தான் மூச்சு விடுவியளா?"

அந்தக் கேள்வியை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.