அருவி வரிசையில் நூற்றிருபது பேர்

நான் எதற்காக ஆசிரியை ஆனேன் என்று கேட்டால், பத்தொன்பது நிமிடக் கூச்சலுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். டைரியில் குறித்திருக்கிறேன். 11.21 முதல் 11.40 வரை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கணிதத்தில் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்திருந்தும், வீட்டில் யாரும் என்னை டீச்சராக நினைத்ததில்லை. அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சப்-இன்ஸ்பெக்டர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். உடல்தகுதித் தேர்வு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில். தென்காசியில் எங்கள் தெரு அதற்குள் என்னை ‘எஸ்.ஐ. அம்மா’ ஆக்கியிருந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இலஞ்சியில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். எப்போதோ போட்ட விண்ணப்பம். சும்மா போய் வரலாம் என்று கிளம்பினேன். சும்மா என்றாலும் எட்டுத் தாள் பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். ஏழாம் வகுப்பு, சராசரி. எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வி என்பதுவரை, மைப்பேனாவில்.

தென்காசிக்காரர்கள் சாரலை மழை என்று ஒத்துக்கொள்வதில்லை. சாரலுக்குக் குடை பிடித்தால் சீசனுக்கு வந்த வெளியூர் ஆள் என்று அர்த்தம். நானும் பிடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கால்மணி நேரம் நடந்து, வகுப்பில் துணிப்பையைத் திறந்தால் எட்டுத் தாளும் ஊறின அப்பளம்போல ஒட்டிக்கொண்டு ஒரே நீலம். பதற்றத்தில் கையால் மூக்கைத் துடைத்தேன்.

நாற்பத்தொரு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

“டீச்சர், ஒங்களுக்கு மீச மொளச்சிருக்கு. நீலக் கலர்ல!” என்றாள் முன்வரிசைச் சிறுமி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

குறிப்பு போய்விட்டது. மானமும் போய்விட்டது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “குற்றாலத்துல பொம்பளைங்க பக்கம் ஒரே நேரத்துல இருவது பேர் நிக்கலாம். ஆளுக்கு அஞ்சு நிமிசம். ஒங்களுக்கு முன்னால நூத்திருவது பேர். எவ்வளவு நேரம் காத்து நிக்கணும்?”

“முப்பது நிமிசம்!”

“தப்பு டீச்சர். எங்க பெரியம்ம அஞ்சு நிமிசத்துல வெளிய வருவாளா? எண்ணெ தேச்சிட்டுப் போவா. பத்து நிமிசம் ஆவும்.”

“எண்ணெ தேய்க்கக் கூடாதுன்னு போர்டு இருக்குலே!”

“போர்ட யாருலே படிக்கா?”

“எண்ணெ தேய்க்காதவங்களுக்கு நாலு நிமிசம் போதும் டீச்சர். குளுரும்லா!”

சரி என்று கரும்பலகையில் எழுதினேன். எண்ணெய் தேய்த்தவர்கள் முப்பது பேர், பத்து நிமிடம். மற்ற தொண்ணூறு பேர், நாலு நிமிடம். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே. வகுப்பே எழுந்து நின்று கத்தியது.

“விசில் ஊதுற போலீஸம்மா வந்தா கணக்கே கெடையாது டீச்சர். ரெண்டு நிமிசத்துல எல்லாரையும் வெரட்டிருவா!”

திங்கட்கிழமை நான் நன்றாக ஓடினால் அந்த விசில் என் கைக்கு வரும். “அவங்க இன்னைக்கு லீவு” என்றேன். கைதட்டினார்கள்.

அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்தாள். “எல்லாரோட நிமிசத்தையும் சேத்துக் கூட்டணும் டீச்சர். முந்நூறும் முந்நூத்தறுவதும். அத இருவதால வகுத்தா முப்பத்து மூணு.”

இதை நான் சொல்லித்தரவில்லை. என் எட்டுத் தாளிலும் இது இல்லை. எனக்குத் தலை சுற்றியது. காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டிருந்தேன், பசி மயக்கம் இல்லை. மணி அடித்தும் யாரும் அசையவில்லை. “கூடக் கொழந்தையையும் குளிப்பாட்டுறவங்களுக்கு?” என்று பின்னாலிருந்து கேட்டது தலைமையாசிரியை.

வெளியே வந்ததும், “திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்திருதியளா?” என்றார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வருகிறேன் என்றேன்.

வீட்டில் அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் கணக்கைச் சொன்னேன்.

“இது என்ன பெரிய கணக்கு? பத்தும் நாலும் பதினாலு, பாதி ஏழு. ஆறு தடவ. நாப்பத்திரெண்டு நிமிசம்.”

“தப்புப்பா.”

“என்னட்டி தப்பு? அங்கன எத்தன சீசன் டூட்டி பாத்திருக்கேன்!”

“பத்து நிமிசக்காரங்க முப்பது பேருதான். மறுபடி போடுங்க.”

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் போட ஆரம்பித்தார். ஏழு நிமிடம் ஆயிற்று.

“முப்பத்து மூணு! வந்துட்டுலா!”

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். “அப்பா, திங்கக்கெழம நான் ஓடப் போகல. இலஞ்சிக்குப் பாடம் நடத்தப் போறேன்.”

தாளைப் பிடித்தபடி நின்றார். “முடிவாயிட்டா?”

“ஆயிட்டு.”

தாளோடு வெளியே போனார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரருகே அவர் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, ஒரு கணக்கு. அருவில நூத்திருவது பேர் நிக்காங்க... எம் மவ கேக்கா. டீச்சரா சேந்திருக்கா. பாத்துச் சொல்லும், தப்பாச் சொன்னா மறுபடி போடச் சொல்லுவா.”