தங்கப்பாண்டியனின் நட்டம்

போடி பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வரிக்கணக்கு போட்டுக் கொடுக்கும் பிரின்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். கெடு முடிகிற அன்றைக்கு ரசீதுகளைப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவரும் வியாபாரிகளை வயது பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பாவின் ஜவுளிக்கடை நொடித்தபோது, கெடு தவறிக் கணக்கைக் கொடுத்ததால் அந்த நட்டத்தைப் பின்னால் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள முடியாமல் போயிற்று.

அவளிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் ஏலக்காய்க் கடை தங்கப்பாண்டியன். விலை ஏறும் என்று நம்பி ஒரு வருடம் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கி, விலை விழுந்து, பலத்த அடி பட்டவர். அந்த நட்டத்தை எட்டு வருடம் வரை சுமந்துபோய், பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், கழித்த அளவுக்கு வரி இல்லை என்று பிரின்சி சொன்னபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஆடியிலும் கணக்கு கொடுக்கப் படியேறி வந்ததும் கேட்பார்.

"ஏத்தா பிரின்சி, என் நட்டம் சொகமா இருக்கா?"

பக்கத்து வீட்டில் விட்டுப்போன பிள்ளையை விசாரிக்கிற தோரணைதான்.

"கொழுகொழுன்னு இருக்குண்ணே" என்பாள்.

ஒரு பங்குனியில் மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிட்டார். கடையை மூடிவிடச் சொல்லிக் கொழுந்தன்மார் நெருக்கினார்கள். மனைவி பூமாரி கேட்கவில்லை. தன் பெயரில் கடையை நடத்தினாள். அந்த வருடம் விலையும் கைகொடுத்தது.

அடுத்த வருட ஆடியில் அதற்குக் கணக்கு போட உட்கார்ந்தார்கள். பிரின்சி சந்தா கட்டி வைத்திருக்கும் சாப்ட்வேரில், பூமாரியின் பெயருக்கு நேரே பழைய நட்டம் பூஜ்யம் என்று காட்டியது. கையால் அடித்தாள். திரையில் ஏற்றுக்கொண்டது, கடைசியில் கணக்கைத் தயார் செய்கையில் மறுபடி பூஜ்யமாக்கிவிட்டது. மகா புத்திசாலியான சாப்ட்வேர் அது, மனிதர்கள் சாவார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அந்த நட்டம் அவரோட பான் நம்பர்ல இருக்கு மேடம். அவர் பேர்ல ஃபைல் பண்ணா தானா வந்துரும்."

"அவரு செத்துப்போயிட்டாருய்யா."

"அப்ப அது லாப்ஸ் மேடம், காலாவதி."

வாரிசாகக் கடையை ஏற்று நடத்துகிறவருக்கு அந்த நட்டம் சேரும் என்று சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னாள். அதற்கு ஆப்ஷன் இல்லை என்றது மறுமுனை.

பூமாரி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நட்டத்தைக் கழிக்க முடியாமல் வரி முழுவதையும் கட்டினால், அடுத்த ஏலத்தில் சரக்கெடுக்க முதல் இருக்காது. கொழுந்தன்மார் சொன்னது நடந்துவிடும்.

"அது அவுக நட்டம்னு யாரு தாயி சொன்னது? தீவாளிக்கு வெல ஏறும், இன்னும் வாங்கிப் போடுங்கன்னு நச்சரிச்சது நாந்தான். சாகுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் அதச் சொல்லிக் காட்டல அவுக."

பிரின்சி சாப்ட்வேரை மூடினாள். வரித்துறை இலவசமாகத் தரும் படிவத்தை இறக்கி, ஒவ்வொரு கட்டமாகக் கையால் அடித்து அனுப்பினாள். யாராவது கேட்டால் நீட்ட வாரிசுச் சான்றையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கார்த்திகையில் பதில் வந்தது. நட்டத்தை ஒத்துக்கொண்டார்கள். அந்த வருட லாபத்தில் கழித்ததுபோக மிச்சமும் இருந்தது. கடை பிழைத்தது.

இந்த ஆடியில் சாப்ட்வேரைத் திறந்தால், போன வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு, பூமாரி பெயரில் அந்த மிச்ச நட்டத்தைத் தானே கொண்டுவந்து வைத்திருந்தது. கொஞ்சமும் சூடு சுரணை இல்லை. பிரின்சி அதைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பூமாரி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"ஏத்தா பிரின்சி, எங்க நட்டம் சொகமா இருக்கா?"

பிரின்சி திட்டுவதை நிறுத்தினாள். இந்த வருட லாபத்தைப் போட்டாள். அன்றைக்கு அத்தனை முரண்டு பிடித்த சாப்ட்வேர், இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கழித்துக் காட்டியது.

"தீந்துருச்சுக்கா. பூராவும் கழிஞ்சுருச்சு. இனிமே பழைய நட்டம் ஒண்ணும் இல்ல."

பூமாரி சிரித்தாள். அப்புறம் ஜன்னல் வழியே கீழே பஜாரைப் பார்த்தாள்.

"கொஞ்சூண்டு விட்டு வைக்க முடியாதா தாயி? அடுத்த வருசம் வந்து கேக்குறதுக்கு."

"லாபம் இருக்கையில மிச்சம் வைக்க விடமாட்டாகக்கா."

சொல்லிவிட்டு, எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பிரின்சி.

"ஆனா நீங்க வந்து கேளுங்க. கொழுகொழுன்னு இருக்குன்னு நான் சொல்றேன்."